பொது அளவு யார் கையில்? ரோபோ யந்திரங்களும் ஒரு பொதுநல ஸ்தாபனமும்

எந்தக் கம்பெனியின் டிராக்டராக இருப்பினும், அதன் பின்புறத்தில் வேறெந்தக் கம்பெனியின் கலப்பையையும் மாட்டி உழ முடிகிறது. ரொட்டவேட்டர் ஓர் ஊரிலும் டிராக்டர் வேறொரு மாநிலத்திலும் செய்யப்பட்டிருக்கலாம். ஆயினும் மூன்று இணைப்புக் கைகளும் அவற்றின் ஊசிகளும் பொருந்துகின்றன, பி.டி.ஓ. தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்று என்னும் கணக்கில் சுழன்று கருவியை ஓட்டுகிறது. இதில் வியப்பதற்கு ஏதுமில்லை என்றே பயிர்த்தொழில் செய்யும் நம் அங்கத்தினர்கள் கருதுவர். ஆனால் இந்த மும்முனை இணைப்பு தொடக்கத்தில் ஹாரி பெர்குசன் என்பவருடைய காப்புரிமைச் சொத்தாக இருந்தது. 1939-ம் ஆண்டு ஃபோர்டு கம்பெனியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட டிராக்டரால் அது புகழ் பெற்றது. பின்னர் இரு தரப்பாருக்கும் பிணக்கு நேர்ந்து, வழக்கு மூண்டு, 1952-ல்தான் சமரசமாயிற்று. காப்புரிமைகள் காலாவதியானபின் அம்முறை எங்கும் பரவி, இன்று ஐ.எஸ்.ஓ. 730 என்ற எண்ணுடைய சர்வதேச அளவாக நிலைபெற்றிருக்கிறது. ஒருவருடைய சொத்தாயிருந்தது எல்லோருக்கும் பொது அளவாயிற்று. அதனால்தான் நாம் கலப்பைக்கென்று ஒரு டிராக்டரும், ரொட்டவேட்டருக்கென்று மற்றொரு டிராக்டரும் வாங்காமல் தப்பினோம்.

இதன் மறுபக்கத்தை நெசவாளர் அறிவர். 1804-ம் ஆண்டை ஒட்டிப் பிரான்சு தேசத்து ஜக்கார்டு உருவாக்கிய பெட்டி இன்றும் ஆரணித் தறிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. அட்டையின் துளைக்குள் ஊசி நுழைந்தால், கொக்கி தன் இடத்தில் நின்று மேலே தூக்கப்படும். பாவு இழையும் உடன் எழும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னே தள்ளும். கொக்கி விலகிவிட, இழை கீழேயே நிற்கும். கரையிலும் முந்தானையிலும் எழும் அன்னமும் மாங்காயும் இந்தத் துளைகளில் எழுதப்பட்ட கட்டளைகளே. ஆனால் துளைக்கும் துளைக்கும் இடையே உள்ள தூரம் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒன்றன்று. ஆங்கில அளவு என்றும், வின்சென்ஸி அளவு என்றும், வெர்டோல் அளவு என்றும் பல வகைகள் உலகில் ஏற்பட்டன. ஓர் அளவுக்குத் துளையிட்ட அட்டை மற்றோர் அளவுப் பெட்டியில் ஏறாது. புட்டா ஒன்றே, பாவு ஒன்றே, நெய்பவரும் ஒருவரே. இருந்தும் கிராப் தாளிலிருந்து தொடங்கி அட்டை முழுவதையும் மறுபடி துளையிட வேண்டியதாகிறது. பொது அளவு இல்லாமையின் செலவு யந்திரம் செய்தவர் கணக்கில் எழுதப்படுவதில்லை. தறிக்காரர் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

இவ்விரண்டையும் முன்னே வைத்துக்கொண்டு ரோபோ யந்திரங்களின் விஷயத்துக்கு வருவோம்.

ரோபோ என்றவுடன் கை கால் முளைத்த இரும்பு மனிதனைப் பலர் நினைக்கின்றனர். அவ்வுருவம் அவசியமில்லை. நம் வட்டாரத்து அரிசி ஆலைகளில் ‘கலர் சார்ட்டர்’ என்றொரு யந்திரம் இருக்கிறது. சரிவில் வழியும் அரிசியைக் காமிரா பார்க்கிறது; கறுத்த மணி இதுவென்று உள்ளிருக்கும் கணிப்பொறி தீர்மானிக்கிறது; அதே க்ஷணத்தில் காற்றுக் குழாய் அம்மணியை ஊதி அப்பால் தள்ளுகிறது. காண ஒரு கண், தீர்மானிக்க ஒரு மூளை, செய்ய ஒரு கை: இம்மூன்றும் சேர்ந்தால் அது ரோபோ இனத்தைச் சேர்ந்ததே. பட்டுக்கூட்டிலிருந்து நூலெடுக்கும் தானியங்கி யந்திரம் இழை அறுந்ததைத் தானே உணர்ந்து புதுக்கூட்டைச் சேர்க்கிறது. அதுவும் இவ்வினத்தின் நெருங்கிய உறவுதான்.

இக்கண்ணையும் மூளையையும் கையையும் ஒரே கம்பெனி செய்து ஒரே பெட்டியில் அடைத்துத் தரும்வரை சிக்கல் வெளியே தெரிவதில்லை. காமிரா ஒருவரிடமும் மோட்டார் மற்றொருவரிடமும் வாங்க நேரும்போது, அல்லது இரு கம்பெனிகளின் யந்திரங்கள் ஒரே இடத்தில் வேலை செய்ய நேரும்போதுதான் தெரிகிறது. சிங்கப்பூரில் இது நன்றாகத் தெரியவந்தது. அங்குள்ள சாங்கி பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் மருந்தும் உணவும் துணியும் சுமந்து செல்லச் சக்கர ரோபோக்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனியின் செய்கை. ஒரே நடைபாதையில் எதிரெதிரே வந்து நிற்கும். யார் ஒதுங்குவது என்று பேசிக்கொள்ள இரண்டுக்கும் பொதுமொழி கிடையாது. லிப்ட்டை அழைக்கும் முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே 2018-ம் ஆண்டளவில் தொடங்கி, அந்நாட்டின் அரசாங்க உதவியோடு, எல்லா ரோபோக்களும் லிப்ட்டுகளும் கதவுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு ‘ஓபன்-ஆர்.எம்.எஃப்.’ என்ற பொது ஏற்பாடு ஒன்றை உருவாக்கி, அதன் கட்டளை வரிகளை எவரும் எடுத்து உபயோகிக்கலாம் என்று வெளியிட்டனர்.

அந்த ஏற்பாடு தனியே நிற்பதன்று. ‘ராஸ்’ என்ற பெரிய அடிப்படையுடன் சேர்ந்தது. ‘ரோபோ இயக்க அமைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே ராஸ். காமிரா கண்டதை எந்த வடிவில் சொல்வது, மோட்டாருக்கு எந்த வடிவில் ஆணையிடுவது, ஒரு பகுதி மற்றொரு பகுதியை எப்பெயரால் அழைப்பது என்ற விதிகளும், அவ்விதிப்படி எழுதப்பட்ட ஏராளமான கட்டளைத் தொகுப்புகளும் அதில் அடங்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், வில்லோ கராஜ் என்ற ஆராய்ச்சிக் கம்பெனியில் 2007-ல் அது தொடங்கிற்று. 2010-ல் முதற்பதிப்பு வெளியாயிற்று. அதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ரோபோ செய்ய முனைந்த மாணவர் சக்கரத்தை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ராஸ் வந்தபின் பொதுவான அடித்தளத்தின்மேல் தம் வேலையைத் தொடங்கினர். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இந்தியாவிலும் அது பரவிற்று. பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் ‘ஈ-யந்திரா’ போட்டிகளில் மாணவர் இதனைப் பயில்கின்றனர். விலை ஏதும் இல்லை. ஆகவே நம் ஆரணிப் பொறியியல் கல்லூரி மாணவரும் வேண்டினால் இன்றே பெறலாம்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. பெற்றெடுத்த கம்பெனி கண்மூடினால் பிள்ளையின் கதி என்ன? வில்லோ கராஜ் நெடுநாள் வாழவில்லை. சில ஆண்டுகளுக்குள் கலைந்துபோயிற்று. நல்வாய்ப்பாக, அதற்கு முன்னரே 2012-ல் ‘திறந்தமூல ரோபாட்டிக்ஸ் நிறுவனம்’ என்ற லாபநோக்கற்ற ஸ்தாபனம் தனியாக அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் ராஸின் பராமரிப்பு அதனிடம் வந்து சேர்ந்தது. பிரையன் கெர்க்கி என்ற பொறியியல் அறிஞர் அதன் தலைமையை ஏற்றிருந்தார். இத்தகைய ஸ்தாபனத்தில் பங்குகள் இல்லை. ஆகவே பங்கீடும் இல்லை, பங்கை விலைக்கு வாங்கி உள்ளே நுழையும் வழியும் இல்லை. வருமானத்தில் மிஞ்சியது பணிக்கே திரும்ப வேண்டும்.

ஆனால் பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! நன்கொடையை மட்டும் நம்பிப் பலரை வைத்து வேலை வாங்க இயலாது. எனவே கட்டணத்திற்கு வேலை செய்து கொடுக்கும் துணைக் கம்பெனி ஒன்றை அந்த ஸ்தாபனம் ஏற்படுத்திற்று. சிங்கப்பூரிலும் அதற்கொரு கிளை தோன்றிற்று. நம் சங்கங்கள் விற்பனை நிலையம் நடத்துவதை ஒத்த ஏற்பாடு இது.

2022-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ரோபோ உலகம் திடுக்கிட்டது. கூகிளை உடைய ஆல்ஃபபெட் குழுமத்தின் ‘இன்ட்ரின்ஸிக்’ என்ற கம்பெனி, அத்துணைக் கம்பெனியையும் சிங்கப்பூர்க் கிளையையும் விலைக்கு வாங்கிற்று. ராஸை அன்றாடம் எழுதியும் திருத்தியும் வந்த பொறியாளர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் பெருங் கம்பெனியின் ஊழியராயினர். கெர்க்கியும் அங்கே சென்றார். ராஸும் விலைபோய்விட்டதோ என்ற அச்சம் பலருக்கு உண்டாயிற்று.

விலைபோகவில்லை. எது விற்கப்பட்டது, எது விற்கப்படவில்லை என்பதைக் கூட்டுறவு அங்கத்தினர் நுணுகிக் கவனிக்க வேண்டும். விற்கப்பட்டவை வேலைத்தலமும் ஒப்பந்தங்களும். உடன் சென்றவர்கள் ஊழியர்கள். ராஸ் என்ற பெயரும், அதன் சின்னமும், பொதுத் தளங்களும், அவற்றை நிர்வகிக்கும் அதிகாரமும் லாபநோக்கற்ற தாய் ஸ்தாபனத்திடமே நின்றன. கட்டளை வரிகளோ முன்னரே யாவருக்கும் உரிய அனுமதிப் பத்திரத்துடன் வெளியிடப்பட்டவை; கொடுத்ததைத் திரும்பப் பெற வழியில்லை. தறிப்பட்டறையை ஒருவர் வாங்கினார். முத்திரை சங்கத்தின் பேழையிலேயே இருந்தது என்று சொல்லலாம்.

எனினும் முழுவதும் கவலையற்றிருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். முத்திரை சங்கத்திடமும் கைத்திறன் முழுவதும் ஒரு முதலாளியிடமும் இருந்தால், முத்திரை எத்தனை நாள் மதிப்புடையதாயிருக்கும்? இதே ஐயம் அவர்களுக்கும் தோன்றியிருத்தல் வேண்டும். 2024-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்த ஸ்தாபனம் ‘திறந்தமூல ரோபாட்டிக்ஸ் கூட்டணி’ என்ற புதிய அமைப்பை நிறுவிற்று. ராஸ், ரோபோவைச் செய்யுமுன் கணிப்பொறிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க உதவும் ‘கஸீபோ’, சிங்கப்பூரில் தோன்றிய ஓபன்-ஆர்.எம்.எஃப். ஆகியவை இக்கூட்டணியின் பராமரிப்பில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்ட நிர்வாகக் கமிட்டி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தொழில்நுட்ப நிர்வாகக் குழு. கம்பெனிகள் ஆண்டுச் சந்தா செலுத்தி அங்கத்தினராகலாம். இன்ட்ரின்ஸிக், என்விடியா, குவால்காம் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே மிக உயர்ந்த நிலையில் சேர்ந்தன. சிறிய கம்பெனிகளுக்குத் தாழ்ந்த சந்தா நிலைகள் உள்ளன; தனிமனிதரும் ஆதரவாளராகச் சேரலாம். பணம் செலுத்தாவிடினும், எழுதியும் திருத்தியும் நெடுநாள் உழைத்தவர் தம் உழைப்பின் தகுதியால் கமிட்டிகளில் இடம் பெறுகின்றனர். பெயருக்கும் சொத்துக்கும் உரிமை வழக்கம்போல் தாய் ஸ்தாபனத்தின் இயக்குநர் சபையிடமே உள்ளது.

இவ்வேற்பாட்டை நம் துணைவிதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர் வகுத்த வழியில், பங்கு எத்தனை வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே நம் கொள்கை. நூறு ரூபாய்ப் பங்குதாரரும் ஆயிரம் ரூபாய்ப் பங்குதாரரும் பொதுக்குழுவில் சமம். கூட்டணியில் அப்படியன்று, அதிகச் சந்தா செலுத்துவோருக்குக் குழுவில் அதிக இடம். ஒரு வாக்கு முறையில் பழகிய நம் கண்ணுக்கு இது குறையாகவே படும். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் பெருங் கம்பெனிகள் மூன்று ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டு ஒரே மேஜையில் உட்காருவது, ஒரே கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு தீர்மானிப்பதைவிட எவ்வளவோ மேல். அதற்கப்பால், உழைப்பால் இடம்பெறும் வாசல் ஒன்று திறந்திருக்கிறது. அது பணத்தால் அடைபடாத வாசல். தனி அலுவலர் நிர்வாகத்தில் சங்கங்கள் இருந்த காலங்களை அறிந்த நம் அங்கத்தினருக்கு, எழுதிய விதி ஒன்று, நடக்கும் நிர்வாகம் மற்றொன்று ஆகலாம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கண்ணோடு இக்கூட்டணியையும் இன்னும் சில ஆண்டுகள் பார்க்க வேண்டும்.

ஒரு பொருளைக் கைமாறாதபடி கட்டிவைக்க வேறு வழியும் உண்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு பதிவாகியிருப்பதை அனைவரும் அறிவோம். 1999-ம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அச்சட்டத்தின் 24-ம் பிரிவின்படி, பதிவு பெற்ற குறியீட்டின் உரிமையை மற்றொருவருக்கு மாற்றிக் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ கூடாது. எவ்வளவு பெரிய ஜவுளி முதலாளி வந்தாலும் ‘ஆரணிப் பட்டு’ என்ற பெயரை விலைபேச இயலாது. சட்டமே பூட்டி வைத்திருக்கிறது. ராஸ் என்ற பெயருக்கு அத்தகைய சட்டப் பூட்டு இல்லை. அதனைக் காப்பவை அந்த ஸ்தாபனத்தின் லாபநோக்கற்ற அமைப்பும், இயக்குநர்களின் நாணயமும், உபயோகிப்போரின் விழிப்புமே.

விழிப்பு என்றேன். பொது அளவு உருவாகும் அறையில் நாம் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்குத் தமிழே சாட்சி. 1990-களில் கணிப்பொறியில் ஒரு எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதம் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்தது. அச்சகத்தாரும் சங்க அலுவலகத்தாரும் பட்ட பாடு கொஞ்சமன்று. அதைத் தீர்த்தது யூனிகோடு என்ற பொது அளவு. அதனை நிர்வகிப்பதும் 1991-ல் கலிபோர்னியாவில் பதிவு பெற்ற லாபநோக்கற்ற கூட்டமைப்பே. ஆனால் அதில் தமிழுக்கு வகுத்த இடம் 1988-ம் ஆண்டின் ‘இஸ்கி’ என்ற இந்திய முறையைத் தழுவியது. உயிர்மெய் எழுத்துக்களுக்குத் தனித்தனி இடம் தராமல் மெய்யையும் குறியையும் சேர்த்து அமைப்பது. எல்லா எழுத்துக்கும் தனியிடம் வேண்டும் என்று தமிழறிஞரும் வல்லுநரும் பின்னர் வாதாடினர். தமிழ்நாடு அரசும் கூட்டமைப்பில் உறுப்பினராயிற்று. உலகத் தமிழர் 2000-ல் ‘உத்தமம்’ என்ற அமைப்பைக் கண்டனர். ஆனால் ஒருமுறை உலகெங்கும் பரவிய அளவை மாற்றினால் அதுவரை எழுதியவையெல்லாம் பாழாகும் என்பதால், அடிப்படை மாறவில்லை. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அனைத்தெழுத்து முறையான ‘டேஸ்-16’ என்பதையும் சேர்த்தே ஏற்றது. எது சிறந்தது என்ற வாதத்தில் இங்கே நுழைய வேண்டியதில்லை. நாள் கடந்து வந்தவரின் வாதம் எவ்வளவு நியாயமாயினும் அளவு அசைவதில்லை என்பதே இங்கு வேண்டியது.

பயிர்த்தொழிலிலும் நெசவிலும் ரோபோக்களுக்குரிய பொது அளவுகள் இப்பொழுதுதான் உருப்பெற்று வருகின்றன. டிராக்டரும் பின்னிணைக்கும் கருவியும் கம்பி வழியே பேசிக்கொள்வதற்கு ஐ.எஸ்.ஓ. 11783 என்ற அளவு ஏற்பட்டுவிட்டது. அது விவசாயிகளிடையே ‘ஐசோபஸ்’ என்று வழங்குகிறது; அதனை வளர்க்க 2008-ல் யந்திரம் செய்வோர் ஒன்றுகூடி ஒரு ஸ்தாபனமும் கண்டனர். அம்மேஜையில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் விற்பவர்கள்; வாங்குவோர் சார்பில் பேசக் கூட்டுறவு சம்மேளனங்கள் முன்வருதல் நலம். கைத்தறிக்கோ அவ்வளவு தூரங்கூட யாரும் வரவில்லை. மின்னணு ஜக்கார்டு பட்டுத் தறிகளில் ஏறிவருகிறது. அட்டைக்குப் பதில் கணிப்பொறிக் கோப்பு. துளைக்குப் பதில் மின்காந்தம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் கோப்பு வடிவத்தைத் தானே வகுத்துக்கொள்வதால், ஆங்கில அளவும் வெர்டோல் அளவும் பிணங்கிய அதே பழைய கதை மின்சாரத்தில் மறுபிறவி எடுக்கிறது.

சங்கத்தின் நிர்வாகக் கமிட்டி இத்தகைய யந்திரத்துக்கு விலைப்புள்ளி கோரும்போது, விலையும் மானியமும் மட்டுமன்றி மூன்று வினாக்களை எழுத்தில் கேட்டல் வேண்டும். நம் டிசைனை வேறு கம்பெனியின் பெட்டியும் படிக்கக்கூடிய பொதுவடிவில் வெளியே எடுக்க முடியுமா? எளிய படக்கோப்பாகிய பி.எம்.பி. வடிவம் போன்றது கிடைத்தாலும் போதும். கட்டுப்பாட்டுப் பலகை பழுதானால் வெளியார் பழுது பார்க்க அதன் விவரக் குறிப்பைத் தருவார்களா? விற்ற கம்பெனி மூடப்பட்டாலோ மற்றொருவர் கைக்குப் போனாலோ யந்திரம் தொடர்ந்து ஓடுமா, அல்லது ஆண்டுதோறும் அவர்களிடம் அனுமதி பெற வேண்டுமா? பதில்கள் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். விற்பனைப் பிரதிநிதியின் வாய்மொழி போதாது. டிசைன் கோப்புகளின் பிரதி ஒன்று சங்கத்தின் பெயரில், சங்க அலுவலகத்திலேயே, பங்குப் பதிவேட்டைப் போலப் பத்திரமாக இருக்கட்டும்.